பட்டியலில் இல்லாத தம்பி

14

தண்ணீர்த் தொட்டியின் வயிற்றில் கடப்பாரை இறங்கிய சத்தம் கேட்டபோது ஹனாதி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கூடாரத்துக்கு வெளியே ஓடி வருவதற்குள் ஒரு வாரத்துத் தண்ணீரும் மண்ணில் கொட்டி, வாசலில் கிடந்த செருப்புகளை இழுத்துக்கொண்டு போனது.

கடப்பாரை ஷல்லாஷின் கையில் இருந்தது. அவன் கங்காணி அபூ ரக்கானின் அக்கா மகன். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தடியன்கள். அவர்களுக்கும் பின்னால், சேறு படாத இடமாகப் பார்த்து, கங்காணியே நின்றிருந்தான்.

ஹனாதிக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடாமல் ஒரு வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த விஷயம் என்னவென்று போன வாரம் வராதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஹனாதியின் புருஷன் கஸ்வான், சிரியாவின் ஹமா நகரில் கறிக்கடை வைத்திருந்தவன். சண்டைக்குத் தப்பி லெபனானுக்கு வந்து, இந்தப் பிக்கா சமவெளியில் தார்ப்பாய்க்குக் கீழே ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டான். தொழில் தெரிந்த அகதிகளை வெளிநாட்டு முதலாளிகளோடு சேர்த்துவைக்கிற ஓர் அமைப்பு பெய்ரூத்தில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் லமீஸ் என்ற பெண் போன வாரம் போன் செய்தாள். கனடாவில் ஒரு சின்ன ஊரில் ரஸ்ஸல் என்பவருக்குக் கறிக்கடை. ஆள் கிடைக்காமல் தவிக்கிறார். கஸ்வான் மாட்டுத் தொடை ஒன்றை எலும்பு நீக்கி வெட்டுவதை வீடியோவில் நேரடியாகப் பார்க்கவேண்டும் என்கிறார். பிடித்திருந்தால் வேலை, விசா, டிக்கெட் எல்லாம்.

கூடவே லமீஸ் ஒன்று சொல்லியிருந்தாள். "உங்க பேர்ல ஒரு கேஸ் கூட இருக்கக் கூடாது, கஸ்வான். போலீஸ் சான்றிதழ்ல சின்னதா ஒரு கோடு விழுந்தாலும் எல்லாம் போச்சு. கிளம்பற வரைக்கும் யாராவது அடிச்சா வாங்கிக்குங்க. திருப்பிக் குடுக்காதீங்க. ஹனாதி, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்."

போகிறவர்கள் மூன்று பேர். கஸ்வான், ஹனாதி, ஆறு வயது ஜூரி. கஸ்வானின் தம்பி தமீம் அந்தப் பட்டியலில் இல்லை. வளர்ந்த தம்பி குடும்பத்தில் சேர மாட்டான் என்பது அந்த நாட்டுக்காரர்களின் கணக்கு.

கஸ்வான் கூடாரத்திலிருந்து வெளியே வந்தான். வந்ததுமே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்ன கஸ்வான், கனடாவுக்குக் கிளம்பிட்டியாமே?" என்றான் கங்காணி. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? இந்தக் கூடாரத்துக்கு இடம் குடுத்தது யாரு? உன்னைக் கடையில வேலைக்குச் சேர்த்துவிட்டது யாரு?"

"நீங்கதான், அபூ ரக்கான்."

"தெரியுதுல்ல?"

முதல் அறை விழுந்தது.

கங்காணி என்கிற பிறவியைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வராது. கூடார நிலத்துக்கு வாடகை வாங்குவது, ஆட்களை வயலுக்கும் கடைக்கும் ஓட்டிவிடுவது, கூலியில் பாதியை எடுத்துக்கொள்வது, இவ்வளவுதான் அவன் உத்தியோகம். அவனும் சிரியாவிலிருந்து ஓடி வந்தவன்தான் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

இரண்டாவது அறையில் கஸ்வானின் உதடு கிழிந்தது. ஹனாதி அவனுக்குப் பின்னால் நின்றதால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தாள். வலது கை, இடது மணிக்கட்டைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தது. ரொட்டி வரிசையில் அவளை இடித்தவன் ஒருவனின் தாடையை ஒரே குத்தில் பெயர்த்த கை அது. அன்றைக்குக் கேஸ் ஆகாமல் போனது அல்லாவின் கருணை.

"இவன் ஒருத்தன் போனா நாளைக்கு வெல்டிங்காரன் போவான்," கங்காணி சுற்றியிருந்த கூடாரங்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினான். "அப்புறம் தையக்காரி போவா. எல்லாரும் போனப்புறம் நான் ஒத்தையா குனிஞ்சு உருளைக்கிழங்கு பொறுக்கணுமா?"

ஷல்லாஷ் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, பாத்திர அலமாரியைக் கடப்பாரையால் இழுத்துத் தள்ளினான். அந்தச் சத்தத்தில் ஜூரி பாய்ந்து வந்து அவன் கையைக் கடித்தாள். சும்மா கடிக்கவில்லை. பல்லைப் பதித்துக்கொண்டு தொங்கினாள். போகிற மூன்று பேரில் போலீஸ் சான்றிதழ் தேவைப்படாத ஒரே ஆள் அவள்தானே.

ஷல்லாஷ் அலறிக்கொண்டு அவளை உதைத்தான். குழந்தை சேற்றில் போய் விழுந்தது.

கஸ்வானின் கைகள் பிரிந்தன. ஹனாதி அவன் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை ஊன்றி இழுத்தாள். தையல் பிரிகிற சத்தம் கேட்டது.

"வேணாம், அபூ ஜூரி. உங்க புள்ளைக்காக வேணாம்." ஜூரியின் அப்பா என்று அர்த்தம்; புருஷனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கங்காணி அதைப் பார்த்துச் சிரித்தான். பொண்டாட்டி பிடித்தால் நிற்கிறானே என்கிற சிரிப்பு. "சாயங்காலம் உன் பழைய முதலாளி தன்னூஸ் கடையில கேமராவுக்கு முன்னாடி வெட்டப் போறியாமே. தாராளமா வெட்டு. நானும் வந்து உன் வலது கையை வெட்டறேன். அதையும் சேர்த்து அந்த வெள்ளைக்காரனுக்குக் காட்டு."

அவர்கள் போனதும் ஹனாதி குழந்தையைத் தூக்கிக் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை என்பதைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தமீம் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்தான். பொத்தலான தொட்டி, சேறு, அண்ணனின் வாய். ஒவ்வொன்றாகப் பார்த்தவன் சிலிண்டரை மெல்ல இறக்கி வைத்தான். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. வெளிறிப் போனது.

ஹனாதிக்கு அது போதுமாக இருந்தது.

"நீயா?"

"அண்ணி..."

"கடை, நேரம் எல்லாம் சரியாச் சொல்றான் அந்தக் கங்காணி. எங்க ரெண்டு பேரையும் தன்னூஸையும் விட்டா உனக்கு மட்டும்தான் அது தெரியும். நீயாடா?"

"அபூ ரக்கான் ஒரு வார்த்தை சொன்னா நல்லதுன்னு நினைச்சேன் அண்ணி. நேத்து பிஸ்தா இனிப்பு வாங்கிட்டுப் போய்ப் பார்த்தேன்."

"யார்கிட்ட வார்த்தை சொல்ல?"

"லமீஸ் மேடம்கிட்ட. இல்லேன்னா அந்த ரஸ்ஸல்கிட்ட. யாராவது ஒரு பெரிய மனுஷன் சிபாரிசு இல்லாம நம்ம ஊர்ல எவனுக்கு என்ன கிடைச்சிருக்கு? நம்ம வீட்டுக்கு டெலிபோன் வந்தது எப்படி? எனக்குப் பள்ளிக்கூடத்துல சீட்டு கிடைச்சது எப்படி? கறி வெட்டறதை மட்டும் பார்த்துட்டு ஏரோப்ளேன்ல ஏத்திடுவான்னு சொன்னா எந்தக் கிறுக்கன் நம்புவான்? கடைசி நேரத்துல இன்னொருத்தன் சிபாரிசோட வந்து அண்ணன் இடத்தைத் தட்டிட்டுப் போயிடுவானோன்னு பயந்துட்டேன்."

ஹனாதி சேற்றிலிருந்து ஒரு செருப்பை எடுத்து அவனை அடித்தாள். தோளில், முதுகில், காதில். அவன் தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டான். அடிக்க அடிக்க அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஏனென்றால் லமீஸ் முதல் நாள் போன் செய்தபோது அவளே கேட்ட கேள்வி, 'எங்களுக்காக யாரு சொன்னாங்க?' என்பதுதான். யாரும் சொல்லவில்லை என்று லமீஸ் சொன்னதை அவளும் இரண்டு நாள் நம்பவில்லை.

"விடு அவனை," என்றான் கஸ்வான். உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு பேசினான். "தமீம், என் கத்திங்க நான் வேலை பாக்கற கடையில இருக்கு. நீ போய் எடுத்துட்டு வா. நான் போனா முதலாளி இருந்து வேலை பாருன்னு பிடிச்சு வெச்சுப்பார்."

"சாயங்காலம் போகப் போறியா?" தமீம் நிமிர்ந்தான்.

"போகாம?"

கஸ்வான் வேலை செய்யும் கடை ராணுவச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. தமீமுக்கு ஒரு காகிதமும் கிடையாது. ராத்திரியில் மலை தாண்டி வந்தவன். சிரியாவில் பட்டாளத்துக்கு வரச் சொல்லி அவன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இங்கே காகிதம் இல்லாமல் மாட்டினால் லாரியில் ஏற்றி எல்லையில் இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கிவிடப்பட்டவர்களில் ஒருவனும் திரும்பப் போன் செய்ததில்லை.

அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்த முகாமில் பாதி வீடுகளில் உள்ள வழிதான். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மூஞ்சி, ஒரே தாடி. சாவடி தாண்டவேண்டிய நாளில் தமீம், கஸ்வானின் அகதி அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான். சிப்பாய் படத்தைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், கையை அசைப்பான்.

ஹனாதி மாத்தே தேயிலை டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சட்டைப்பையில் திணித்தாள்.

"வந்ததும் எடுத்துக் குடு. தொலைச்சே, கொன்னுடுவேன்."

"நீங்க போனப்புறம் நான் யார் அட்டையை எடுத்துட்டுப் போறது அண்ணி?" என்றான் தமீம். கிண்டலாகத்தான் கேட்டான். "என்னையும் ஐஸ்பெட்டியில போட்டு மூடிடுங்க. கறின்னு சொல்லிக் கொண்டு போயிடலாம்."

அவள் தேயிலை டப்பாவை மூடி வைத்தாள். அவன் பெயர் பட்டியலில் இல்லை என்று தெரிந்த அன்று கஸ்வான் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

சாயங்காலம் ஜூரியைப் பக்கத்துக் கூடாரத்தில் விட்டுவிட்டு, தன்னூஸின் கடைக்குள் அவர்கள் நுழைந்தபோது அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கஸ்வான் முன்பு அவரிடம் வேலை பார்த்தவன். கிப்பே உருண்டைக்கு அவன் அரைத்துத் தந்த கறிக்குப் பிறகு வேறு யார் அரைத்ததும் அவர் வாய்க்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் விடுமுறை நாளில் கடையைத் திறந்துவிட்டிருந்தார்.

"ஏழு மணிக்கு மேல சிரியாக்காரன் தெருவுல நடக்கக் கூடாதுன்னு முனிசிபாலிட்டியில போர்டு மாட்டியிருக்கான்," என்றார். "அதுக்குள்ள வெட்டி முடிச்சு, கழுவிவிட்டு, ஓடிடணும். அப்புறம் ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். சண்டை கிண்டைன்னு வந்தா நான் எழுந்து வீட்டுக்குள்ள போயிடுவேன். எனக்கு இதயத்துல கம்பி வெச்சிருக்கு."

"சரி முதலாளி."

ஹனாதி தன்னிடமிருந்த முகக் கிரீமைக் கஸ்வானின் கன்னத்தில் அப்பினாள். நீலம் மறைந்தது, வீக்கம் மறையவில்லை. போனை எந்தப் பக்கம் பிடித்தால் அந்தக் கன்னம் தெரியாது என்று இரண்டு மூன்று தடவை பிடித்துப் பார்த்துக்கொண்டாள். தமீம் கத்திகளைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, பாதி இறக்கிய இரும்புக் கதவுக்கு அருகில் போய் நின்றுகொண்டான். அட்டை யாருக்கும் நினைவில்லை.

போனில் ரஸ்ஸல் தெரிந்தார். வெள்ளைத் தாடி, ரத்தக் கறை படிந்த ஏப்ரன். பார்த்ததும் கஸ்வானுக்கு மூச்சு சீரானது. இன்னொரு கறிக்கடைக்காரன், அவ்வளவுதானே. படத்தின் மூலையில் லமீஸ் இருந்தாள். ரஸ்ஸல் சொல்வதை அவள் அரபியில் சொன்னாள்.

"அவசரம் வேணாமாம். வேகம் பார்க்கலையாம், சுத்தம் பார்க்கறாராம்."

கஸ்வான் பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை எடுத்தான். முழு மாட்டுத் தொடை மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தது. மேல் சவ்வை உரித்தான். தசையும் தசையும் ஒட்டுகிற கோட்டைக் கட்டைவிரலால் தேடி, அதன் வழியே கத்தி நுனியை விட்டான். தசை தானாகப் பிரிந்து வந்தது. ரஸ்ஸல் ஏதோ முனகினார். லமீஸ் சிரித்தாள்.

"நல்லாருக்குன்னு சொல்றார்."

அப்போதுதான் தெருவில் வண்டி வந்து நின்றது. கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன. தன்னூஸின் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி இரும்புக் கதவின் மேல் கடப்பாரை விழுந்தது. கடையே அதிர்ந்தது.

கதவின் அடிப்பக்க இடைவெளியில் நான்கைந்து ஜோடி பூட்ஸ் தெரிந்தன. கஸ்வான் திரும்பினான். கத்தி அவன் கையில், நுனி வாசலைப் பார்த்து இருந்தது. ஹனாதிக்கு அந்த முகம் தெரியும். ரொட்டி வரிசையில் பார்த்த முகம். கத்தினால் போனில் கேட்கும். போனை விட்டுவிட்டுப் போய் அவனைப் பிடிக்கவும் முடியாது.

தமீம் கம்பியில் தொங்கிய பெரிய கறிக்கொக்கி ஒன்றைக் கழற்றினான்.

'வேணாம்' என்று ஹனாதி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அந்தப் பேப்பர்ல என் பேருதான் இல்லையே அண்ணி," என்றான் அவன் மெதுவாக. அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. "நான் அடிக்கலாம்."

குனிந்து கதவுக்கு அடியில் வெளியே போனான். போனவன் கதவை வெளியிலிருந்து தரைவரை இழுத்துவிட்டான்.

முதலில் கேட்ட அலறல் தமீமுடையது இல்லை. அதன்பிறகு கேட்டதெல்லாம் அவனுடையது. மரக்கட்டை எலும்பில் படும் சத்தம், பூட்ஸ், வசவு, மறுபடி கட்டை. யாரோ கதவின் மேல் தூக்கி எறியப்பட்டு, அங்கேயே சரிந்தார்கள். கடப்பாரையால் நெம்பப் பார்த்தார்கள். ஏதோ கனம் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. கதவு மேலே எழும்பவில்லை.

ஹனாதி போனைத் தாழ்த்தினாள். படத்தில் இப்போது மேசை, கறி, இரண்டு கைகள் மட்டும்தான். கைகள் அசையாமல் இருந்தன.

"லமீஸ், அவர் என்ன சத்தம்னு கேக்கறாரா?"

"கேக்கறார்." லமீஸின் குரல் மாறியிருந்தது. வசவுகள் அரபியில் இருந்தன. ரஸ்ஸலுக்குப் புரியாதது அவளுக்குப் புரிந்தது. "எனக்கு எல்லாம் கேக்குது ஹனாதி. யாரை அடிக்கறாங்க? நிறுத்தட்டுமா? வேற ஒரு நாள் வெச்சுக்கலாம்னு கேட்டுப் பார்க்கறேன்."

கஸ்வான் ஹனாதியைப் பார்த்தான். வேண்டுமானால் ஓர் அடி எடுத்து வைத்துக் கதவைத் தூக்கியிருக்கலாம். அவன் அவளைத்தான் பார்த்தான். வெளியே அவன் தம்பி 'யம்மா' என்று கத்தினான்.

வேறு நாள் ஏது? தன்னூஸ் இனி கடை தர மாட்டார். கங்காணி அந்தக் கையை விட்டுவைக்க மாட்டான். ஹனாதிக்குச் சேற்றில் விழுந்த ஜூரி கண்ணில் வந்தாள். தமீமும் வந்தான். அவள் யாரை ஒதுக்கினாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நிறுத்தாதீங்க," என்றாள். "கல்யாண ஊர்வலம்னு சொல்லுங்க." பிறகு புருஷனிடம், "வெட்டுங்க அபூ ஜூரி," என்றாள்.

அவன் வெட்டினான்.

அந்த வெட்டை நான் எப்படிச் சொல்வது? மூட்டுக் கிண்ணத்தைச் சுற்றிக் கத்தியை ஓட்டினான். வெளியே அடி விழுந்தபோதெல்லாம் அவன் தோள் துடித்தது, கை துடிக்கவில்லை. எலும்பை நிமிர்த்தி, ஒட்டிய கறியைத் தோல் சீவுகிற மாதிரி இழைத்து எடுத்தான். கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கு நுனிக்கு ஓடி வந்தது. கறியில் விழுவதற்கு முன் முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

ரஸ்ஸல் ஏதோ சொன்னார். லமீஸ் சொல்லத் தயங்கி, பிறகு சொன்னாள். "முகத்தைக் கையால தொடாம முழங்கையால துடைச்சீங்களாம். சுத்தமான பழக்கம்னு பாராட்டறார்."

தெருவில் துப்பாக்கி வெடித்தது. கூச்சல். ஓடும் கால்கள். ஒரு வண்டி கிறீச்சிட்டுக் கிளம்பியது. அதற்கப்புறம் அதட்டுகிற குரல்கள், கதவருகே எதையோ தரையில் இழுக்கும் சத்தம். ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு போனது.

கஸ்வான் கடைசித் துண்டை வைத்தான். எலும்பைத் தூக்கிக் காட்டச் சொன்னார் ரஸ்ஸல். காட்டினான். அது வெள்ளையாக இருந்தது.

"பேசிட்டுக் கூப்பிடறேன்," என்று லமீஸ் படத்தை அணைத்தாள்.

கஸ்வான் எலும்பைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினான். இப்போது அது சுலபமாக எழும்பியது. உள்பக்கம் வழிந்திருந்த ரத்தம் அவன் செருப்பில் ஒட்டியது. தெரு காலியாக இருந்தது. வெளிச்சம் போய்விட்டிருந்தது. உடைந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தன்னூஸ் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே போய்விடுவேன் என்று சொன்ன மனுஷர், போகவில்லை.

"எங்கே அவன்?"

"கொக்கியை ஷல்லாஷ் தொடையில இறக்கிட்டான்பா," என்றார் தன்னூஸ். "தண்ணி மாதிரி ரத்தம். வண்டியில தூக்கிப் போட்டுட்டு ஓடினாங்க. அவன் பொழைப்பானோ மாட்டானோ. உன் தம்பி காலை ஒடைச்சிட்டாங்க. அப்பவும் கதவுல முதுகைக் குடுத்து உக்காந்துட்டான். என்ன அடிச்சும் நகரலை. ராணுவ ஜீப் வந்து அவனைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

ஹனாதியின் கையில் போன் அதிர்ந்தது. லமீஸ்தான். ஸ்பீக்கரைப் போட்டதும் அவள் அழுதுகொண்டே பேசினாள்.

"வேலைக்கு எடுத்துட்டார்! எலும்புல ஒரு துணுக்கு விடலைன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறார். கஸ்வான், கேளுங்க, போலீஸ் சான்றிதழுக்கு நாளைக்கே எழுதிப் போடணும். உங்க அகதி அட்டையை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து இப்பவே அனுப்புங்க."

"அட்டை மாத்தே டப்பாவிலதானே இருக்கு?" என்றான் கஸ்வான். அவன் கண் தெருக்கோடியில் இருந்தது.

ஹனாதி தன் கையைப் பார்த்தாள். சட்டைப்பைக்குள் அட்டையைத் திணித்த கை. "டப்பாவில இல்ல," என்றாள். "அவன்கிட்ட இருக்கு. காலையில நான்தான் குடுத்தேன். திருப்பி வாங்கலை."

தன்னூஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதான் விஷயமா?" என்றார். "சிப்பாய் அவன் பையிலேர்ந்து ஒரு அட்டையை எடுத்தான். டார்ச் அடிச்சு சத்தமாப் படிச்சான். 'கஸ்வான், ஹமா. நீதானே?'ன்னு கேட்டான். நான் குழம்பிட்டேன்."

"தமீம் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. மறுபடி கேட்டு, துப்பாக்கிக் கட்டையால இடிச்சான். ஆமாங்கலை, இல்லேங்கலை. வாயில இருந்த ரத்தத்தைத் துப்பிட்டு இந்தக் கதவையே பார்த்துட்டிருந்தான். அப்படியே தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. காலையில ஸ்டேஷன்ல பேரு எழுதுவாங்க."

ஆமாம் என்றால் கேஸ் கஸ்வானின் பெயரில் விழும். கனடா அதோடு முடிந்தது. இல்லை, என் பெயர் தமீம் என்றால் எல்லைக்கு லாரி. இரண்டில் ஒன்றைத்தான் அவன் சொல்ல முடியும்.

"ஹலோ, கஸ்வான்?" போனில் லமீஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேர்ல கேஸ் எதுவும் இல்லையே?"

கஸ்வான் திரும்பினான். வெட்டுமேசைக்கு முன்னால் நின்றபோது பார்த்த மாதிரியே, பதிலுக்காக அவன் ஹனாதியைப் பார்த்தான்.